அந்தக் குரல் யாருடையது?

பாடல் பதிவு நடக்கிறது. கேத்தி செல்டன் என்ற இளம்பெண் மைக் முன்னால் நின்று பாடுகிறாள். பாட்டு அறுபடாமல் தொடர, இடம் மட்டும் மாறுகிறது. படப்பிடிப்புத் தளத்தில் நட்சத்திர நடிகை லீனா லமான்ட் அதே பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டிருக்கிறாள். மறுபடியும் இடம் மாறுகிறது. இப்போது அது கறுப்பு வெள்ளைப் படமாகத் திரையில் ஓட, ஸ்டூடியோ முதலாளி பார்த்துப் பூரிக்கிறார். ஒரு பெண்ணின் தொண்டையில் புறப்பட்ட குரல், பாட்டு முடிவதற்குள் இன்னொரு பெண்ணின் சொத்தாகிவிடுகிறது. 1952-ல் எம்.ஜி.எம். வெளியிட்ட 'சிங்கிங் இன் தி ரெய்ன்' படத்தில் இந்தக் காட்சி வருகிறது. சினிமாக்காரர்களைப் பற்றிச் சினிமாக்காரர்களே எடுத்த நையாண்டிப் படங்களில் இதைவிடக் கூர்மையான ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை.

கேத்தியாக நடித்தவர் டெப்பி ரெனால்ட்ஸ். ஆனால் அந்தப் பாட்டைப் பாடியவர் அவர் இல்லை. பெட்டி நொய்ஸ் என்ற பாடகி பாடினார். மறைந்து நின்று பாடுகிற பெண்ணுக்கு நியாயம் கேட்கிற படம் அது. அதே படத்தின் பெயர்ப்பட்டியலில் பெட்டி நொய்ஸின் பெயர் இல்லை.

இந்த முரண்பாட்டைப் பல பேர் சுவையான துணுக்காகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது துணுக்காகத் தெரியவில்லை. சினிமா என்ற தொழில் யாருடைய உழைப்பைக் காட்டுகிறது, யாருடையதை மறைக்கிறது என்ற கேள்வியின் மொத்தமும் அங்கே இருக்கிறது.

பாட்டு முதலில், கதை பிறகு

ஆர்தர் ஃப்ரீட் எம்.ஜி.எம்.மில் இசைப்படங்களின் தயாரிப்பாளர். தயாரிப்பாளர் ஆவதற்கு முன் பாடலாசிரியராக இருந்தவர். நேசியோ ஹெர்ப் பிரவுன் மெட்டமைக்க அவர் எழுதிய பழைய பாட்டுகள் ஸ்டூடியோவின் கையில் இருந்தன. அவற்றை வைத்து ஒரு படம் வேண்டும் என்பது பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன் என்ற எழுத்தாளர்கள் இருவருக்கும் கிடைத்த உத்தரவு. கதை என்று ஒன்றும் கையில் இல்லை. அந்தப் பாட்டுகளில் பல, படங்கள் பேசத் தொடங்கிய காலத்தில் பிறந்தவை. படத்தின் பெயராக நிற்கும் பாட்டே 1929-ல் ஒரு படத்தில் வந்ததுதான். அப்படியானால் கதையையும் அந்தக் காலத்திலேயே வைத்துவிடலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். மௌனப் படம் பேசும் படமாக மாறிய நாட்களில் எம்.ஜி.எம்.மில் வேலை பார்த்த தொழில்நுட்பக்காரர்கள் சிலர் அப்போதும் அங்கேயே இருந்தார்கள். அவர்களுடைய அனுபவங்கள் திரைக்கதைக்குள் வந்து சேர்ந்தன. கேலி இவ்வளவு துல்லியமாக விழுவதற்குக் காரணம் அதுதான்.

கதை 1927-ல் நடக்கிறது. டான் லாக்வுட், லீனா லமான்ட் ஜோடி மௌனப் படங்களில் கொடிகட்டிப் பறக்கிறது. அந்த வருடம் அக்டோபர் 6-ம் தேதி வார்னர் சகோதரர்களின் 'தி ஜாஸ் சிங்கர்' வெளியாகிறது. திரையில் மனிதர்கள் பாடுகிறார்கள், நாலு வார்த்தை பேசவும் செய்கிறார்கள். கூட்டம் அலைமோதுகிறது. பாதி எடுத்த படத்தை நிறுத்திவிட்டு, அதையே பேசும் படமாக்கச் சொல்கிறார் முதலாளி சிம்ப்சன். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. லீனாவுக்குக் கீச்சுக்குரல். அவள் வாயைத் திறந்தால் அந்த முகத்தின் மயக்கம் நொடியில் கலைந்துவிடும்.

ஒலிப்பதிவுக் காட்சியைப் பாருங்கள். மைக்கைச் செடிக்குள் ஒளித்துவைக்கிறார்கள். லீனா தலையைத் திருப்பும்போதெல்லாம் வசனம் காணாமல் போகிறது. உடைக்குள் வைத்தால் இதயத் துடிப்பு கேட்கிறது. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் ஒலிப்பதிவாளர் தலையில் கைவைக்கிறார். இவையெல்லாம் நகைச்சுவைக்காக மிகைப்படுத்தியவைதான். ஆனால் அடியில் இருப்பது உண்மை. அந்தக் காலத்து மைக் அசையாது, நடிகர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். கேமரா போடும் சத்தம் பதிவாகிவிடும் என்பதால் கேமராவையும் கேமராக்காரரையும் ஒரு கூண்டுக்குள் போட்டு அடைத்தார்கள். சுதந்திரமாக ஓடியாடிக்கொண்டிருந்த மௌனப் படக் கேமரா, பேச்சு வந்ததும் சிறைப்பட்டது.

பிறகு முன்னோட்டக் காட்சி. லீனாவின் முத்துமாலை உரசும் சத்தம் இடிபோல் கேட்கிறது. டான் காதலைச் சொல்லும் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல, அரங்கம் சிரிக்கிறது. மௌனப் பட நாயகன் ஜான் கில்பர்ட்டுக்கு 1929-ல் உண்மையாகவே இந்தக் கதி நேர்ந்தது. அவருடைய காதல் வசனங்களைக் கேட்டுப் பார்வையாளர்கள் சிரித்தார்கள். எம்.ஜி.எம்.மின் சொந்த நட்சத்திரம் அவர். அந்தக் காயத்தை அதே நிறுவனம் இருபது சொச்சம் வருடம் கழித்துச் சிரிப்பாக மாற்றியிருக்கிறது.

அடுத்து ஒலியும் படமும் விலகிப் போகின்றன. நாயகியின் வாயில் வில்லனின் தடித்த குரல், வில்லனின் வாயில் நாயகியின் கீச்சு. இதுவும் நடக்கக்கூடியதுதான். வார்னர் சகோதரர்களின் வைட்டஃபோன் முறையில் ஒலி ஃபிலிமில் இருக்காது. நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் பெரிய இசைத்தட்டில் தனியாக இருக்கும். ஒரு ரீலுக்கு ஒரு தட்டு. ஊசி ஒரு பள்ளம் தாண்டினால் போதும், உதடும் சொல்லும் பிரிந்துவிடும். குரலை உடம்பிலிருந்து கழற்ற முடியும் என்பதைச் சினிமா தொழிலுக்கு அந்தத் தட்டுதான் கற்றுக்கொடுத்தது என்று எனக்குத் தோன்றும். தானாகக் கழன்றதை வேண்டுமென்றே கழற்றக் கற்றுக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. 1929-ல் ஹிட்ச்காக் 'பிளாக்மெய்ல்' எடுத்தபோது நாயகி ஆனி ஓண்ட்ராவின் செக் உச்சரிப்பு லண்டன் பெண் பாத்திரத்துக்கு ஒட்டவில்லை. கேமராவுக்கு வெளியே மைக்கோடு நின்று ஜோன் பாரி வசனம் பேச, ஓண்ட்ரா வாயசைத்தார். லீனா லமான்ட் வெறும் கற்பனைப் பாத்திரம் இல்லை.

லீனாவின் குரல்

பெட்டி நொய்ஸ் பாடியது பாதிக் கதைதான். மீதி இன்னும் வியப்பானது. கேத்தி, லீனாவின் வசனத்துக்குப் பின்னணி பேசுகிற காட்சி ஒன்று உண்டு. பண்பட்ட, கனிந்த ஆங்கிலம் கேட்கிறது. ஆனால் டெப்பி ரெனால்ட்ஸ் டெக்சாஸில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். அவருடைய பேச்சில் வட்டார வாடை அடித்தது என்று இயக்குநர்கள் நினைத்தார்கள். எனவே அந்த வசனத்தை வேறொருவரைப் பேசவைத்தார்கள். அவர் ஜீன் ஹேகன், லீனாவாக நடித்தவர். அதாவது, படம் முழுக்க எந்தக் குரலைக் கேட்டு நாம் சிரிக்கிறோமோ, அந்தக் குரலுக்கு உரியவரின் இயல்பான குரல்தான் 'இதோ பார், எவ்வளவு அழகான குரல்' என்று நமக்குக் காட்டப்படுவது. ஹேகனுக்கு டெப்பி குரல் கொடுப்பதாகக் காட்டும் காட்சியில், டெப்பிக்கு ஹேகன் குரல் கொடுத்தார். ஜீன் கெல்லியோடு சேர்ந்து படத்தை இயக்கிய ஸ்டான்லி டோனன் இதைப் பிற்பாடு ஒளிக்காமல் சொன்னார்.

ஹேகனின் நடிப்பை இது தெரிந்த பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும். கீச்சுக்குரலை அவர் ஒரு வித்தையாகக் கட்டியிருக்கிறார். எந்த எழுத்தை நசுக்க வேண்டும், எந்த இடத்தில் மூக்குக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதெல்லாம் கணக்கு. நல்ல குரல் உள்ளவரால்தான் இவ்வளவு கட்டுப்பாட்டோடு மோசமாகப் பேச முடியும். பிராட்வேயில் 'பார்ன் யெஸ்டர்டே' நாடகத்தில் ஜூடி ஹாலிடேவுக்கு மாற்று நடிகையாக இருந்தவர் அவர். 1950-ல் 'தி ஆஸ்ஃபால்ட் ஜங்கிள்' படத்தில் உருக்கமான வேடம் செய்தவர். லீனாவுக்காக ஆஸ்கர் துணை நடிகைப் பரிந்துரை கிடைத்தது, பரிசு கிடைக்கவில்லை. அந்தப் பரிசு குளோரியா கிரேயமுக்குப் போனது, 'தி பேட் அண்ட் தி பியூட்டிஃபுல்' படத்துக்காக. அதுவும் எம்.ஜி.எம். படம், அதுவும் ஹாலிவுட்டைப் பற்றிய படம்.

லீனாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இந்தப் படத்தை எவ்வளவு நேசித்தாலும், அதன் முடிவு எனக்கு உறுத்துகிறது. கடைசிக் காட்சியில் லீனா மேடையில் வாயசைக்க, பின்னால் கேத்தி பாட, டானும் அவன் நண்பன் காஸ்மோவும் முதலாளி சிம்ப்சனும் சேர்ந்து கயிற்றை இழுத்துத் திரையைத் தூக்குகிறார்கள். லீனா நிறைந்த சபையில் அவமானப்பட்டு ஓடுகிறாள். நாமும் கைதட்டுகிறோம். ஆனால் அந்தப் பொய்யைத் தயாரித்தது யார்? பொது இடத்தில் லீனாவை வாய் திறக்கவிடாமல் பார்த்துக்கொண்டது ஸ்டூடியோ. டானுக்கும் அவளுக்கும் காதல் என்று பத்திரிகைகளில் எழுதவைத்தது ஸ்டூடியோ. பாவம், அவள் அதைப் படித்து நம்பிவிட்டாள். கேத்தியின் பெயரை மறைக்க வேண்டும் என்று லீனா ஒப்பந்தத்தைக் காட்டி மிரட்டும்போது, சிம்ப்சன் பணிந்துபோகிறார். ஒப்பந்தத்தில் கேத்தி கட்டுண்டு கிடப்பதால், அவள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் லீனாவுக்குப் பாடித்தான் தீர வேண்டும். அப்படிப் பணிந்த அதே மனிதர்தான் முடிவில் கயிற்றைப் பிடித்து இழுத்துச் சிரிக்கிறார். குற்றத்தில் பங்கு உள்ளவர் நீதிபதியின் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார்.

டானுக்கும் இதே சலுகை உண்டு. படத்தின் தொடக்கத்தில் ஹாலிவுட்டின் 'சைனீஸ் தியேட்டர்' வாசலில் வானொலி மைக் முன்னால் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்கிறான். உயர்ந்த குடும்பம், செவ்வியல் கலைப் பயிற்சி, எப்போதும் கண்ணியம் என்று அடுக்குகிறான். திரையில் ஓடுவதோ சாராயக் கடை ஆட்டம், ஊர் ஊராகக் கூச்சல் வாங்கிய மேடைகள், எலும்பை முறிக்கும் சண்டைக்காட்சிகள். சொல்லுக்கும் படத்துக்கும் இடையில் இருக்கும் அந்தப் பிளவு முதல் பத்து நிமிடத்திலேயே முழுப் படத்தின் பொருளையும் சொல்லிவிடுகிறது. டான் சொன்னதும் பொய்தான். அவனைப் படம் மன்னித்துக் காதலியையும் கொடுக்கிறது. லீனாவை மட்டும் மன்னிக்கவில்லை. இரண்டு வருடம் முன்பு, 1950-ல், பில்லி வைல்டர் இதே மௌனப் பட நிலத்தில்தான் 'சன்செட் பூலவார்ட்' எடுத்தார். அங்கே கைவிடப்பட்ட நட்சத்திரமாக நடித்தவர் உண்மையிலேயே மௌனப் பட நட்சத்திரமான குளோரியா ஸ்வான்சன். எம்.ஜி.எம். தலைவர் லூயி பி. மேயர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வைல்டர் மீது சீறினார் என்பார்கள். 'சிங்கிங் இன் தி ரெய்ன்' பார்த்து எந்த முதலாளியும் சீறவில்லை. சீறும்படி அதில் ஒன்றும் வைக்கப்படவில்லை.

உழைப்பின் விலையையும் படம் தன் பளபளப்புக்குள் புதைத்துவிடுகிறது. மழையில் நனைந்து குடை சுழற்றிய நாளில், டானாக நடித்த ஜீன் கெல்லிக்கு 103 டிகிரி காய்ச்சல். டெப்பி ரெனால்ட்ஸுக்கு அப்போது 19 வயது. நடனம் தெரியாமல் வந்து, கெல்லியும் காஸ்மோவாக நடித்த டொனால்ட் ஓ'கானரும் ஆடும் வேகத்துக்கு ஈடுகொடுத்தார். 'குட் மார்னிங்' பாட்டை எடுத்த நாளின் முடிவில் அவருடைய பாதங்களில் ரத்தக் குழாய்கள் வெடித்திருந்தன. பியானோவுக்கு அடியில் அழுதுகொண்டிருந்த அந்தப் பெண்ணை நடன நட்சத்திரம் ஃபிரெட் அஸ்டேர் பார்த்து, தன் ஒத்திகையைக் காட்டித் தேற்றினார். அந்தப் பாட்டில் மூன்று பேரும் சோபாவைக் கவிழ்த்துவிட்டுச் சிரிக்கும்போது, வலி எங்கேயும் தெரியாது.

மறைந்து நின்றவர்கள்

பெட்டி நொய்ஸுக்கு அது முதல் தடவை இல்லை. 1941-ல் டிஸ்னியின் 'டம்போ' படத்தில், கூண்டுக்குள் அடைபட்ட தாய் யானை துதிக்கையை மட்டும் வெளியே நீட்டிக் குட்டியைத் தாலாட்டுமே, அந்தப் பாட்டு அவர் பாடியது. ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட பாட்டு. அங்கேயும் பெயர் போடவில்லை.

அவருக்குப் பின்னால் மார்னி நிக்சன் வந்தார். 1956-ல் 'தி கிங் அண்ட் ஐ' படத்தில் டெபோரா கெர்ருக்காக, 1961-ல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நேட்டலி வுட்டுக்காக, 1964-ல் 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்னுக்காகப் பாடினார். மூன்றிலும் பெயர் இல்லை. முதல் படத்தின்போது, வெளியே சொன்னால் இனி வேலை கிடைக்காது என்று எச்சரிக்கப்பட்டார். உண்மையைப் பத்திரிகையிடம் சொன்னவர் டெபோரா கெர்ரேதான். நட்சத்திரம் ஒருவர் தானாக முன்வந்து கயிற்றை இழுத்த நிகழ்ச்சி அது, படத்தில் வருவதைவிட எனக்கு மேலானதாகப் படுகிறது. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' இசையமைப்பாளர் லியனார்ட் பெர்ன்ஸ்டைன் தன் ராயல்டியிலிருந்து ஒரு சிறு பங்கை நிக்சனுக்கு எழுதிக்கொடுத்தார். ஒப்பந்தம் தராததை ஒரு மனிதர் தந்தார். 1965-ல் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் கன்னியாஸ்திரிகளில் ஒருவராக நிக்சன் திரையில் தோன்றியபோதுதான் அந்தக் குரலுக்கு ஒரு முகம் கிடைத்தது.

இந்தியாவில் குரலும் முகமும் வேறுவேறு என்பது ஊரறிந்த ஏற்பாடு. அதனால் இங்கே நிலைமை ஆரம்பத்திலிருந்தே மேல் என்று நினைத்துவிட வேண்டாம். 1949-ல் 'மஹல்' படத்தின் புகழ்பெற்ற பாட்டு இசைத்தட்டாக வந்தபோது, பாடியவர் இடத்தில் காமினி என்று அச்சாகியிருந்தது. காமினி என்பது மதுபாலா நடித்த பாத்திரத்தின் பெயர். கேட்டவர்கள் வானொலிக்குக் கடிதம் மேல் கடிதம் போட்ட பிறகுதான் லதா மங்கேஷ்கர் என்ற பெயர் வெளியே வந்தது. 1957-ல் ஃபிலிம்ஃபேர் விழாவில், இசையமைப்பாளருக்குப் பரிசு வாங்கித்தந்த பாட்டைப் பாட அவரை அழைத்தார்கள். பாடகர்களுக்குப் பரிசே வைக்காத மேடையில் பாட மாட்டேன் என்றார். 1959-ல் பின்னணிப் பாடகர் பரிசு வந்தது. முதல் பரிசு அவருக்கே.

பாடகர்கள் போராடி வெளிச்சத்துக்கு வந்துவிட்டார்கள். பேசுகிறவர்கள் இன்னும் வரவில்லை. கேத்தி செல்டனின் கதை நம்முடையதாக ஆவது இங்கேதான். 'பம்பாய்' படத்தில் மனிஷா கொய்ராலாவின் அழுகை ரோகிணியுடையது. 'மின்சார கனவு' கஜோலின் துடுக்கு ரேவதியுடையது. சிம்ரனும் ஜோதிகாவும் நம் வீட்டுப் பெண்களாகத் தெரிந்ததில் சவிதாவின் குரலுக்குப் பாதிப் பங்கு உண்டு. 'ராஜா ராணி' நயன்தாராவை நினைத்தால் காதில் கேட்பது தீபா வெங்கட். தமிழ்நாடு அரசு விருதுகளில் பின்னணிக் குரலுக்குத் தனி இடம் இருப்பது நல்ல காரியம். ஆனால் ஒரு நடிகையின் நடிப்பைப் பற்றி எழுதும் விமர்சனங்களில் குரல் கொடுத்தவரின் பெயரைத் தேடிப்பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. நானும் என் சக எழுத்தாளர்களும் இதற்குப் பொறுப்பாளிகள்.

எல்லாவற்றையும்விட என்னைக் கலங்கடித்த கதை 'மணிச்சித்திரத்தாழ்' படத்துடையது. 1993-ல் ஃபாசில் எடுத்த மலையாளப் படம். தஞ்சாவூர் ஆட்டக்காரி நாகவல்லியின் ஆவி தமிழில்தான் பேசும். நாயகி கங்கா, நாகவல்லி என்று இரு நிலைகளிலும் நின்ற ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. மலையாளத்தின் புகழ்மிக்க பின்னணிக் குரல் கலைஞர் பாக்யலட்சுமி கங்காவுக்காகப் பேசினார். நாகவல்லியின் உறுமலும் அவருடையது என்றே கேரளம் நம்பியது. 2016-ல் ஃபாசில் எழுதிய பிறகுதான், அந்தத் தமிழ் வசனங்களைப் பேசியவர் துர்கா என்ற தமிழ்க் கலைஞர் என்பது தெரிந்தது. 23 வருடம். ஒரு மாநிலமே மனப்பாடமாகச் சொல்லும் வசனம், மேடை மேடையாக நடித்துக்காட்டிய வசனம், அத்தனை காலமும் அவர் பெயர் இல்லாமலே இருந்திருக்கிறது.

இப்போது குரலைக் கழற்ற ஆள்கூட வேண்டியதில்லை. 2023-ல் ஹாலிவுட் நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்கள் முகத்தையும் குரலையும் செயற்கை நுண்ணறிவால் நகலெடுப்பதற்கு ஒப்புதலும் ஊதியமும் வேண்டும் என்பது முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று. கேத்தியின் கையைக் கட்டிய ஒப்பந்தத்தை நினைத்துக்கொண்டு அந்தக் கோரிக்கையைப் படித்தால், ஸ்டூடியோக்களின் ஆசை நூறு வருடமாக மாறவே இல்லை என்பது விளங்கும். 2024-ல் 'லால் சலாம்' படப் பாட்டில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் ஏ.ஆர். ரஹ்மான் செயற்கை நுண்ணறிவால் கொண்டுவந்தார். குடும்பங்களின் அனுமதி வாங்கியதாகவும் ஊதியம் கொடுத்ததாகவும் அவரே அறிவித்தார், பாடியவர்களாக அவர்களின் பெயர்களையே சொன்னார். இறந்தவர்களுக்குச் செய்த இந்த மரியாதையை உயிரோடு இருந்து பேசுகிறவர்களுக்கும் செய்ய வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. நம் படங்களின் பெயர்ப்பட்டியலில் பின்னணிக் குரல் கலைஞர்களின் பெயர்கள் ஒரு கொத்தாக ஓடி மறைகின்றன, யார் யாருக்குப் பேசினார் என்பது பெரும்பாலும் இருப்பதில்லை. நடிகையின் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், குரல் இன்னார் என்று ஒரு வரி போடலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, செலவும் கிடையாது. அடுத்த வெள்ளிக்கிழமை வெளியாகப்போகும் படத்திலிருந்தே தொடங்கலாம்.